எங்கள் கொல்லைத் தோட்டம் கற்பித்த பாடம்

“உங்கள் ஊரில் புகைக்கூண்டுதானே முளைக்கும், பூசணிக்காயுமா முளைக்கிறது?” என்று வகுப்புத் தோழி ஒருத்தி என்னைக் கேலி செய்தாள். அன்று மதிய உணவுக்கு நான் கொண்டு வந்திருந்த பூசணிக்காய்க் கூட்டு எங்கள் வீட்டுக் கொல்லையில் காய்த்தது என்று பெருமையடித்துக் கொண்டதுதான் காரணம். அவள்மேல் குற்றமில்லை. கும்மிடிப்பூண்டி என்றதும் எவருக்கும் நினைவுக்கு வருவது சிப்காட் தொழிற்பேட்டையும், இரும்பு உருக்காலைகளும், இரவு பகலாகச் சென்னைக்கும் ஆந்திர எல்லைக்கும் ஓடிக்கொண்டிருக்கும் லாரிகளுமே. ஆயினும் அந்தப் புகைக்கூண்டுகளின் நிழலிலும் பூசணி காய்க்கிறது. அதை வளர்த்த கதையையும், வளர்க்கத் தெரியாமல் நான் செய்த ஒரு பெரும் பிழையையும் இந்த ஆண்டு மலரில் என் தோழியருக்குச் சொல்ல விரும்புகிறேன்.

என் தந்தையார் இரும்புக் கம்பி ஆலை ஒன்றில் ஷிப்டு முறையில் வேலை செய்கிறார். நாங்கள் குடியிருக்கும் வீட்டின் பின்புறம் இருபதடி நீளமும் பதினைந்தடி அகலமும் உள்ள வெற்றிடம் ஒன்று உண்டு. வீடு கட்டியபோது மிஞ்சிய செங்கல் துண்டுகள், காய்ந்த சிமெண்டுக் கட்டிகள், சுண்ணாம்புக் காரை எல்லாம் அங்கேதான் கொட்டிக் கிடந்தன. கொசுவுக்கும் ஓணானுக்கும் அது புகலிடமாக இருந்ததேயன்றி எங்களுக்கு ஒரு பயனும் இல்லை.

2022ஆம் ஆண்டு என் ஆயா, அதாவது அப்பாவைப் பெற்றவர், எங்களோடு நிரந்தரமாகத் தங்க வந்தார். ஊத்துக்கோட்டைக்கு அருகே ஆரணியாற்றங்கரைக் கிராமம் ஒன்றில் அறுபது ஆண்டுகள் மண்ணோடு பழகியவர் அவர். வந்த மறுநாளே கொல்லைக் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, “இவ்வளவு இடத்தை வெச்சிக்கினு கீரைக்குக் காசு குடுக்கறீங்களா?” என்று அம்மாவைக் கேட்டார். “அத்தை, அது மண்ணே இல்லை, வெறும் கல்லும் காரையும்” என்றார் அம்மா. “அப்போ மண்ணை உண்டாக்குவோம்” என்றார் ஆயா. எங்கள் தோட்டம் தொடங்கியது இவ்விதமே.

மண்ணை உண்டாக்குவது என்றால் என்னவென்று அப்போதுதான் கண்டேன். அப்பாவுக்கு விடுமுறை கிடைத்த ஞாயிறுகளில் ஒன்றரையடி ஆழத்துக்குத் தோண்டிக் கற்களை அள்ளி அப்புறப்படுத்தினோம். முப்பது கூடைக்குமேல் எண்ணியபின் எண்ணுவதை நிறுத்திவிட்டேன். செம்மண் இரண்டு பங்கு, மக்கிய சாணி எரு ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு எனக் கலந்து பள்ளத்தை நிரப்பினோம். அடியில் துளையிட்ட பழைய பீப்பாய் ஒன்றில் காய்கறித் தோலையும் காய்ந்த சருகையும் ஒன்று மாற்றி ஒன்றாக அடுக்கி, இடையிடையே சிறிது சாணிக் கரைசல் தெளித்து வந்தோம். இரண்டு மாதத்தில் அது வாசனை மாறி, மழை பெய்த மண்ணைப்போல் மணக்கும் கறுப்பு எருவாயிற்று. பச்சைக் குப்பையை மட்டும் போட்டால் அழுகி நாறும், சருகையும் சேர்த்தால்தான் மக்கும் என்பது நான் கற்ற முதற்பாடம்.

‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்ற பழமொழியை நாம் கட்டுரைகளில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறோம். அதன் பொருள் எனக்குக் கையில் விளங்கியது அவ்வாடியில்தான். ஆடியில் ஊன்றிய விதை ஆவணி புரட்டாசிக்குள் வேரூன்றிக் கொண்டால்தான், நம் மாவட்டத்துக்குப் பெருமழை தரும் ஐப்பசி கார்த்திகையைத் தாங்கி நிற்கும். கத்தரி, மிளகாய், வெண்டை, அவரை, பூசணி ஆகியவற்றை ஊன்றினோம். ஓரத்தில் முருங்கைப் போத்து ஒன்றும், பப்பாளிக் கன்று ஒன்றும், குளியலறை நீர் வெளியேறும் மூலையில் ஒரு வாழையும் நட்டோம். சிறுகீரை இருபத்தைந்தே நாளில் வேரோடு பிடுங்கும் பருவம் அடைந்தது. அரைக்கீரையோ அறுக்க அறுக்கத் தழைத்தது. யாரும் விதைக்காமலே கத்தரிச் செடிகளின் அடியில் மணத்தக்காளி தானாக முளைத்தது. அதைப் பிடுங்கப் போனேன். “அது பாட்டுக்கு இருக்கட்டும்; புள்ளைங்களுக்குத் தீனி” என்று ஆயா தடுத்துவிட்டார். அவர் சொன்னபடியே, அப்போது ஐந்து வயதான என் தம்பி பள்ளி விட்டு வந்ததும் புத்தகப் பையைக்கூடக் கழற்றாமல் அந்தக் கருநீலப் பழங்களைப் பறித்து வாயில் போட்டுக் கொள்வான்.

முதல் ஆண்டு எல்லாம் நன்றாகவே நடந்தது. 2023 மார்ச்சு மாதம் பப்பாளி, செம்பருத்தி இலைகளின்மேல் கறுப்பாகப் படியத் தொடங்கியது. “ஆலைக் கரி வந்து செடியில் உட்கார்ந்துவிட்டது, இந்த ஊரில் இதற்குமேல் என்ன எதிர்பார்ப்பது?” என்று அம்மா சலித்துக் கொண்டார். ஆயாவோ இலையை விரலால் தடவி முகர்ந்து பார்த்தார். “கரின்னா ஊதினா போவும், இது பிசுபிசுன்னு ஒட்டுது” என்று சொல்லி இலையைத் திருப்பிக் காட்டினார். அடியில் பஞ்சைத் தூவியதுபோல் வெள்ளை வெள்ளையாகப் பூச்சிகள் மொய்த்திருந்தன. மாவுப்பூச்சி! அது இலைச் சாற்றை உறிஞ்சி இனிப்பான நீரைக் கழிக்கிறது. அந்த நீரின்மேல் வளரும் ஒருவகைப் பூஞ்சைதான் நாங்கள் கரியென்று எண்ணியது. நம் ஊர்க் குறைகளையெல்லாம் புகைக்கூண்டின் தலையில் கட்டிவிடக் கூடாது என்று நான் அறிந்துகொண்ட நாள் அது.

ஆயா தினமும் காலையில் தண்ணீரைப் பீய்ச்சிப் பூச்சியைக் கழுவினார். மிகுதியாகப் பிடித்த கிளைகளைக் கழித்தார். பூச்சி குறைந்ததேயன்றி ஒழியவில்லை. அவர் அதற்காகக் கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை. கவலைப்பட்டவள் நான்தான். ஏனெனில் விடுமுறை முடிந்து ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் மாணவியரின் இல்லத் தோட்டங்களைப் பார்த்துப் பரிசளிக்கப் போவதாக எங்கள் வகுப்பில் அறிவித்திருந்தார்கள். அருட்சகோதரிகள் எங்கள் கொல்லைக்கு வரும்போது ஒரு பூச்சிகூடக் கண்ணில் படக்கூடாது, ஓர் இலையில்கூட ஓட்டை இருக்கக்கூடாது என்று நான் ஆசைப்பட்டேன்.

ஏப்ரல் மாதத்தில், ஆயா ஊருக்குப் போயிருந்த சமயம், என் சேமிப்புக் காசில் கடையில் பூச்சிமருந்து வாங்கி அடித்தேன். இரண்டே நாளில் வெள்ளைப் பஞ்சு மறைந்தது. என் மகிழ்ச்சிக்கு அளவேயில்லை. ஆனால் மூன்று வாரம் கழித்து மாவுப்பூச்சி முன்னைவிட இருமடங்காகத் திரும்பி வந்தது. முன்பு தொடாத கத்தரியிலும் ஏறிற்று. மருந்து போதவில்லை என்று முடிவு செய்தேன். வயல் வைத்திருக்கும் ஒருவர் வீட்டிலிருந்து ‘கடுமையான மருந்து’ சிறிது கேட்டு வாங்கினேன். அது பழைய இருமல் மருந்துப் புட்டி ஒன்றில் இருந்தது. பெயர்ச்சீட்டு இல்லை. எவ்வளவு தண்ணீருக்கு எவ்வளவு என்று நானும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. மே மாதத்து ஒரு பிற்பகலில், வீட்டில் எல்லாரும் உறங்கும் வேளையில், யாரிடமும் சொல்லாமல் எல்லாச் செடிகளின்மேலும் அடித்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்து படுத்துவிட்டேன்.

கத்தரியின் அடியில் மணத்தக்காளி இருந்ததை நான் மறந்தேன். தம்பி மறக்கவில்லை.

அந்தி நேரத்தில் அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தான். வாந்தியெடுத்தான். வாயிலிருந்து எச்சில் ஒழுகிக்கொண்டே இருந்தது. உடம்பெல்லாம் வியர்த்துக் கொட்டியது. “வெயிலில் விளையாடியிருப்பான்” என்று அம்மா சொன்னபோது என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. சொன்னால் அடிப்பார்களே என்ற பயம் ஒருபுறம். சொல்லாவிட்டால் என்னவாகுமோ என்ற பயம் மறுபுறம். அவன் கண்ணின் பாவை குண்டூசித் தலைபோல் சுருங்கியிருப்பதைக் கண்டதும் என்னையறியாமல் கத்திவிட்டேன்: “அம்மா, நான் செடிக்கு மருந்து அடித்தேன்!”

அதன்பின் நடந்தவை எனக்குத் துண்டு துண்டாகவே நினைவிருக்கின்றன. பக்கத்து வீட்டு மாமாவின் ஆட்டோ, மருத்துவமனையின் வெள்ளை விளக்கு, ‘என்ன மருந்து? புட்டி எங்கே?’ என்று மருத்துவர் கேட்ட கேள்வி. புட்டியைக் காட்டினோம். அதில் அச்சிட்டிருந்தது இருமல் மருந்தின் பெயர்! மருத்துவர் தலையில் கை வைத்துக் கொண்டார். நல்லவேளையாகத் தம்பியின் கண்ணையும் எச்சிலையும் வியர்வையையும் பார்த்து இன்ன வகை நஞ்சு என்று அவர் ஊகித்தார். வயிற்றைக் கழுவினார்கள், அட்ரோபின் என்னும் மாற்று மருந்தைத் திரும்பத் திரும்ப ஏற்றினார்கள். இரண்டு இரவுகள் அம்மா உட்கார்ந்த இடத்தைவிட்டு எழவில்லை. மூன்றாம் நாள் காலையில் தம்பி, “பசிக்குது” என்றான். அந்தச் சொல்லைப்போல் இனிய சொல்லை அதற்குமுன் நான் கேட்டதில்லை.

வீடு திரும்பிய அன்று அப்பா என்னை அடிக்கவில்லை, திட்டவுமில்லை. கொல்லையை ஒருமுறை பார்த்தார். “போதும்மா. அடுத்த மாசச் சம்பளத்தில் சிமெண்டு பூசிவிடுவோம்” என்று மட்டும் சொன்னார். செய்தி கேட்டு ஊரிலிருந்து ஓடிவந்த ஆயாவும் எதிர்த்து ஒன்றும் பேசவில்லை. பேரனை மடியில் கிடத்திக்கொண்டு வெகுநேரம் மௌனமாக இருந்தார்.

பள்ளி திறந்ததும் உயிரியல் கற்பிக்கும் அருட்சகோதரியிடம் சென்று, “சிஸ்டர், போட்டிப் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள்” என்று சொல்லி, நடந்ததையெல்லாம் அழுதுகொண்டே கூறினேன். அவர் பெயரை அடித்தார். பின்பு, “தோட்டத்தைப் பரிசுக்காகப் பார்க்க வரவில்லை, பாடத்துக்காகப் பார்க்க வருகிறேன்” என்றார். வந்தபோது கையில் ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியும் கொண்டு வந்திருந்தார்.

பப்பாளி இலையின் அடியில் காய்ந்து பழுப்பேறி ஒட்டிக்கொண்டிருந்த பழைய மாவுப்பூச்சி சிலவற்றை அவர் எனக்குக் காட்டினார். ஒவ்வொன்றின் முதுகிலும் ஊசி குத்தியதுபோல் ஒரு வட்டத் துளை இருந்தது. “இந்தத் துளையிட்டவன் உன் நண்பன். அவனைத்தான் நீ முதலில் கொன்றாய்” என்று சொல்லி அவர் கூறிய வரலாறு இது. மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதியைச் சேர்ந்த பப்பாளி மாவுப்பூச்சி 2008ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் முதன்முதலாகக் காணப்பட்டது. சில பருவங்களுக்குள் பப்பாளி, மல்பெரி, மரவள்ளித் தோட்டங்களைப் பாழாக்கிற்று. உழவர்கள் மருந்துமேல் மருந்தாக அடித்தும் அடங்கவில்லை. மாவு போன்ற மெழுகுப் போர்வை பூச்சியைக் காத்தது. பின்னர் 2010ஆம் ஆண்டு பியூர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து, ஒரு மில்லிமீட்டர்கூட நீளமில்லாத ஒட்டுண்ணிக் குளவிகள் பெங்களூருக்குத் தருவிக்கப்பட்டன. அவற்றைப் பெருக்கித் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மூலம் தோட்டங்களில் விட்டார்கள். தாய்க்குளவி மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். குஞ்சு உள்ளிருந்தே அதைத் தின்று, முதுகைத் துளைத்து வெளிவரும். நஞ்சால் முடியாததை அச்சிறு குளவி ஓரிரு ஆண்டுகளில் முடித்துக் காட்டியது. இன்றும் அது நம் ஊர்களில் வாழ்கிறது. எங்கள் கொல்லைக்கும் அழையாமலே வந்து வேலை செய்து கொண்டிருந்திருக்கிறது. நான் மருந்தடித்தபோது மெழுகுப் போர்வை போர்த்திய பூச்சிகளில் பல பிழைத்துக்கொண்டன; போர்வையில்லாத குளவி செத்தது. காவற்காரனைக் கொன்றபின் திருடன் இருமடங்காகப் பெருகியதில் வியப்பென்ன?

இன்னொரு செய்தி என்னை மேலும் வெட்கப்படச் செய்தது. 1898ஆம் ஆண்டிலேயே இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட, மாவுப்பூச்சியைத் தின்னும் ஆஸ்திரேலியப் பொறிவண்டு ஒன்று உண்டாம். அதன் புழுவும் வெள்ளை மாவு பூசியே இருக்கும். பார்ப்பதற்குப் பெரிய மாவுப்பூச்சி போலவே தோன்றும். “இது எல்லாவற்றிலும் பெரியது” என்று தேடித் தேடி நான் குச்சியால் நசுக்கியவற்றில் எத்தனை பொறிவண்டுக் குஞ்சுகளோ! அப்படியானால் வேறுபாட்டை எப்படிக் காண்பது என்று கேட்டேன். “மாவுப்பூச்சி உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருக்கும், பொறிவண்டின் புழு சுறுசுறுப்பாக நடக்கும். கொல்லுமுன் ஐந்து நிமிடம் பார்” என்றார் சிஸ்டர். அந்த ஐந்து நிமிடத்தை நான் முன்பே செலவழித்திருந்தால் என் தம்பி மருத்துவமனையில் படுத்திருக்க மாட்டான்.

நிற்க. அப்பாவின் சிமெண்டு யோசனை என்னவாயிற்று என்று கேட்பீர்கள். சிஸ்டர் போனபின் ஆயா அப்பாவை அழைத்து, “தப்பு மண்ணு மேல இல்லடா. எனக்கு ஒரு பட்டம் குடு. அப்புறம் உன் இஷ்டம்” என்றார். அப்பா உடனே இசைந்துவிடவில்லை. “மண்ணில் இன்னும் விஷம் இருக்காது என்று யார் சொல்வது?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு விடை தேடித்தான் அப்பாவும் நானும் ஒருநாள் மின்சார ரயிலில் சென்னைக்குப் போய், அங்கிருந்து திருவள்ளூர் வண்டியைப் பிடித்துச் செவ்வாப்பேட்டையில் இறங்கி, திரூரில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்துக்குச் சென்றோம். அவர்கள் முறைப்படியே மண் எடுத்துச் சென்றிருந்தோம்: மேலே கிடக்கும் சருகை விலக்கி, ‘வி’ வடிவில் பதினைந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு வெட்டி, ஐந்தாறு இடத்து மண்ணைச் சேர்த்து, நிழலில் உலர்த்தி, நான்கு பங்காக்கி எதிரெதிர்ப் பங்குகளைக் கழித்துக் கழித்துக் கடைசியில் அரைக்கிலோ.

கட்டடக் காரையால் எங்கள் மண் காரத்தன்மை மிகுந்திருந்தது. அதனால்தான் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக நின்று மற்ற இடமெல்லாம் மஞ்சளித்தன. அத்தகைய மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேருக்கு எட்டாதாம். இரும்பாலைகளின் நடுவே இருந்துகொண்டு எங்கள் செடிகள் இரும்புச்சத்துக்கு ஏங்கியதை எண்ணி அப்பாவே சிரித்துவிட்டார். தம்பி நோயுற்றபின் அவர் சிரித்தது அதுவே முதல் தடவை. விளைந்து நின்றதையெல்லாம் பிடுங்கி ஆடு மாடு தின்னாதபடி குழியில் புதைத்துவிடவும், உண்ணும் பயிர் எதையும் உடனே வைக்காமல் தக்கைப்பூண்டு விதைத்து, நாற்பத்தைந்து நாளில் பூக்கும் தறுவாயில் மண்ணோடு மடக்கிவிடவும் அங்கே யோசனை சொன்னார்கள்.

திரூரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அங்குள்ள நெல் ஆராய்ச்சி நிலையத்தில் 1950களில் வெளியான டி.கே.எம். 6 என்ற நெல் தண்டுத் துளைப்பானைத் தாங்கும் இயல்புடையது. டி.கே.எம். என்பது திரூர்க்குப்பத்தைக் குறிக்கும். பிலிப்பைன்ஸ் நாட்டிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தார் அதை வாங்கிச் சென்று ஐ.ஆர். 20, ஐ.ஆர். 36 போன்ற புகழ்பெற்ற நெல் வகைகளை உருவாக்கப் பயன்படுத்தினார்கள். ஆசியாவின் எத்தனையோ இலைகளில் பரிமாறப்பட்ட சோற்றில் நம் திருவள்ளூர் மாவட்டத்துப் பயிர் ஒன்றின் உறுதி கலந்திருக்கிறது. வயலுக்கு வெளியிலிருந்து ஊற்றும் நஞ்சு மட்டுமே காப்பு அன்று. பயிருக்குள்ளேயே இருக்கும் வலிமையும் காப்புத்தான் என்பதற்கு நம் மாவட்டமே சான்று.

அப்பா ஒரு பட்டம் தந்தார். தக்கைப்பூண்டை மடக்கியபின் 2023 ஆவணியில் மீண்டும் விதைத்தோம். இம்முறை நான் ஆயாவின் கையாளாக இருந்தேன். ஆனியிலும் ஆடியிலும் உதிர்ந்த வேப்பம் பழங்களைப் பொறுக்கிக் கொட்டையை நிழலில் உலர்த்தி வைத்திருந்தோம். ஐம்பது கிராம் பருப்பை இடித்து ஒரு லிட்டர் நீரில் இரவு முழுதும் ஊறவைத்து, வடிகட்டி, ஒட்டுவதற்குச் சிறிது காதி சோப்பு கரைத்து மாலையில் தெளித்தோம். அதுவும் தேவைப்பட்டபோது மட்டும். வரப்போரம் துலுக்கச் சாமந்தி வைத்தோம். அதன் வேர் நூற்புழுவைக் குறைக்கும். பூவோ குளவிக்கும் தேனீக்கும் உணவாகும். எறும்புகள் இனிப்பு நீருக்காக மாவுப்பூச்சியைப் பேணிக் காக்கின்றன என்று அறிந்து, பப்பாளித் தண்டில் துணி சுற்றி விளக்கெண்ணெய் தடவினோம். எறும்பு ஏறாவிட்டால் பூச்சிக்குக் காவல் இல்லை. குளவியின் வேலை எளிதாகும்.

டிசம்பர் மாதம் மிக்ஜாம் புயல் வந்தது. 3, 4 தேதிகளில் பெய்த மழை நம் மாவட்டத்தாருக்கு மறக்காது. மூன்று நாள் கொல்லையில் முழங்கால் அளவு நீர் நின்றது. அவரைப் பந்தல் சாய்ந்தது. முருங்கை வேரோடு விழுந்தது. நீர் தேங்கினால் தாங்காத பப்பாளி ஒரே வாரத்தில் வாடிச் செத்தது. நீர் வடிந்தபின் அப்பா கொல்லையில் வந்து நின்றார். இப்போதாவது சிமெண்டு என்பார் என்று என் நெஞ்சு படபடத்தது. அவரோ மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, “பாத்தியை ஓரடி உயர்த்தினால் அடுத்த மழைக்கு நிற்குமா, அம்மா?” என்று ஆயாவைக் கேட்டார். நான் உள்ளே ஓடிப்போய் யாரும் பார்க்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

2024 தைப்பட்டத்திலிருந்து எங்கள் செடிகள் மேட்டுப்பாத்தியில் வளர்கின்றன. வேறிடத்து நல்ல மண்ணும் எங்கள் பீப்பாய் எருவும் கலந்த பாத்தி அது. தொழிற்சாலைகள் நிறைந்த ஊரில் வாழும் தோழியர் இதை நினைவில் கொள்ள வேண்டும். அத்தகைய இடத்து மண்ணிலும் தூசியிலும் ஈயம் போன்ற உலோகங்கள் கலந்திருக்கக்கூடும். காய்களைவிடக் கீரையிலும் கிழங்கிலும் அவை மிகுதியாகச் சேரும். ஆகவே கீரையை மேட்டுப்பாத்தியிலோ தொட்டியிலோ நல்ல மண்ணிட்டு வளர்த்து, மும்முறை நீரில் அலசிய பின்பே அரிய வேண்டும்.

பூச்சிமருந்து பற்றியும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. ஒவ்வொரு மருந்துப் பெட்டியிலும் சாய்சதுரத்தின் கீழ்ப்பாதியில் ஒரு நிறம் இருக்கும்: சிவப்பு மிகக் கொடிய நஞ்சு, மஞ்சள் அதற்கடுத்தது, பின் நீலம், பின் பச்சை. பெயர்ச்சீட்டு இல்லாத புட்டியை வீட்டில் சேர்க்கவே வேண்டாம். உணவுப் பாத்திரத்திலோ பழைய புட்டியிலோ மருந்தை ஊற்றி வைக்க வேண்டாம். 2013 ஜூலையில் பீகார் மாநிலத்துக் கிராமப் பள்ளி ஒன்றில் மதிய உணவு உண்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமைத்த எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்னும் பூச்சிக்கொல்லி கலந்திருந்ததே காரணம். அச்செய்தியை வாசித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. யாரேனும் தவறி உண்டுவிட்டால் மறைக்காமல் உடனே சொல்லுங்கள். மருத்துவமனைக்குப் புட்டியையும் கையோடு கொண்டு செல்லுங்கள். நான் தயங்கிய அந்தச் சில நிமிடங்கள் இன்னும் என்னை உறுத்துகின்றன.

இன்று எங்கள் தோட்டத்துக்கு நீங்கள் வந்தால் ஓட்டையில்லாத இலை ஒன்றுகூட இராது. செம்பருத்தியின் நுனியில் நாலைந்து மாவுப்பூச்சி இருக்கும். அவற்றைத் தேடி ஒரு பொறிவண்டும் வந்திருக்கும். கத்தரியில் பத்துக்கு இரண்டு சொத்தையாகும். அதை வெட்டியெறிந்துவிட்டு மிச்சத்தைக் குழம்பில் போடுகிறார் அம்மா. பரிசு வாங்கும் தோட்டம் அன்று அது. ஆனால் வீட்டுக்கு வேண்டிய கீரையை நாங்கள் கடையில் வாங்குவது அநேகமாக நின்றுவிட்டது.

மணத்தக்காளியை மட்டும் அம்மா வெகுநாள் வளரவிடவில்லை. முளைத்த இடத்திலேயே பிடுங்கி எறிந்துவிடுவார். ஆயாவும் அதைப்பற்றி ஒன்றும் சொல்லமாட்டார். சென்ற மாதம் ஒரு மாலை நான் பள்ளியிலிருந்து திரும்பியபோது பாத்தியோரம் ஒரு செடி பழுத்து நின்றது. எப்படி அம்மாவின் கண்ணுக்குத் தப்பியது என்று வியந்தேன். தப்பவில்லை. தம்பி அதன் பக்கத்தில் குந்திக்கொண்டிருந்தான். அம்மா ஒரு கிண்ணத்தில் பழங்களைப் பறித்து, குழாயடியில் அலசி, முதலில் ஒன்றைத் தம் வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, கிண்ணத்தை அவனிடம் நீட்டினார். பிறகு என்னைப் பார்த்து, “உனக்கும் வேணுமா?” என்றார்.